டெட் ஸ்டாக் ரிஜிஸ்தர் வழியாக ஜெர்மன்

அரசு ஊழியர் ஒருவர் வெளிநாடு செல்ல ஆட்சேபணையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் சான்று தரப்பட வேண்டும். தர இயலாதெனில் அதற்கான காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். எங்கள் துறையின் நடைமுறை நூலில் அப்படித்தான் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த நூலை வாசித்துக் காட்டும் பொறுப்பும் என்னிடமே இருந்ததால் விதி எனக்கு மனப்பாடம். நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் விஷயத்தில் அது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் நான் ஆரணியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன். சேவூர் பக்கம் வாடகை வீடு. என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், அவளுடைய ஆஸ்பத்திரிக்குத் தொடர்புடைய மேற்கு ஜெர்மனி ஆஸ்பத்திரி ஒன்று நர்ஸ்கள் வேண்டுமென்று எழுதியிருந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். எங்கள் தேவாலயச் சபையில் எல்லோரும் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். அவள் மட்டும் வேறு ஒன்று சொன்னாள்.

"பாடப் புத்தகத்துல படம் போட்டு கீற சாமானெல்லாம் ஒரு தடவயாச்சும் கையால தொட்டுப் பாக்கணுங்க. இங்க படத்த வெச்சே பரீட்சை எழுதிட்டோம்."

இதற்கு என்ன மறுப்புச் சொல்ல முடியும்? அவள் முன்னால் போவது, நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பின்னால் போவது என்று முடிவு செய்தோம். அவள் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே அங்கிருந்த தலைமை நர்ஸ் அம்மாளிடம் பேசிவிட்டாள். அந்த அம்மாள் சம்மதித்தார். ஆஸ்பத்திரியின் சாமான் கிடங்கில் எனக்கு ஒரு வேலை உண்டு. இலக்கணமெல்லாம் தேவையில்லை, அன்றாடப் பொருள்களின் பெயர்கள் ஜெர்மனில் தெரிந்தால் போதும். துறையின் சான்று கிடைத்தால் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் கிடைத்தால் விசா, விசா கிடைத்தால் நாங்கள் மறுபடியும் ஒரே வீட்டில் இருப்போம். வரிசை தெளிவாக இருந்தது. விண்ணப்பத்தை உரிய படிவத்தில், உரிய வழியாக, இரண்டு நகல்களுடன் கொடுத்தேன்.

பிறகு ஜெர்மன் படிக்க உட்கார்ந்தேன்.

ஆரணியில் அப்போது எனக்குத் தெரிந்து யாருக்கும் ஜெர்மன் தெரியாது. மதராஸுக்குப் போய் மூர் மார்க்கெட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்து ஓர் ஆங்கில–ஜெர்மன் அகராதி வாங்கினேன். முன்பக்கம் கிழிந்திருந்ததால் எந்தக் காலத்துப் புத்தகம் என்று தெரியவில்லை. ஆங்கிலச் சொற்கள் சாதாரண எழுத்தில் இருந்தன. ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றும் கருவேல முள்ளை வளைத்துச் செய்ததுபோல் இருந்தன. அந்த முள் எழுத்தைப் பழகவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த எழுத்திலேயே அவளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "இந்த எழுத்தை இங்கே பழைய கல்லறைகளில்தான் பார்க்கிறேன். வார்டில் காட்டினேன். ஒரு பாட்டியம்மாளுக்கு மட்டும் படிக்கத் தெரிந்தது. அவர் அழுதுவிட்டார். இனி இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதுங்கள்."

ஒரு மொழியை எங்கிருந்து தொடங்குவது? சொல்லித்தர ஆள் இருந்தால் அவர் தொடங்குகிற இடத்தில் தொடங்கலாம். எனக்கு ஆள் இல்லை; இருந்தது டெட் ஸ்டாக் ரிஜிஸ்தர். அலுவலகத்தில் உள்ள நாற்காலி, மேஜை, பெட்டி, பூட்டு என்று அசையாமல் கிடக்கும் எல்லாச் சாமான்களையும் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கும் பதிவேடு அது. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்து அதில் ஒப்பமிடுவது என் வேலை. சாமான் கிடங்குக்குப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எது? மர நாற்காலி, கை வைத்தது: ஷ்டூல். மேஜை: டிஷ். அலமாரி: ஷ்ராங்க். வாளி: ஐமர். குப்பைக்கூடை: பபீர்கோர்ப். ரிஜிஸ்தரில் இருந்த வரிசைப்படியே அகராதியில் தேடி, மனப்பாடம் செய்தேன். ஒரு பொருளைக்கூடத் தாண்டிப் போகவில்லை. உடைந்துபோனதாகக் கழிக்கப்பட்டவற்றையும் விடவில்லை.

உச்சரிப்பை அவள் கடிதத்தில் தமிழில் எழுதி அனுப்புவாள். 'கரண்டிக்கு லெஃபல். ஆனால் லெ என்று சொல்லும்போது உதட்டை ஊதுகிற மாதிரி குவித்துக்கொள்ளணும்.' காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே உதட்டைக் குவித்துப் பழகுவேன். அடுத்த வீட்டில் தறி நெய்கிற குடும்பம். அந்த வீட்டு அம்மா வாசலில் ராட்டையை வைத்துக்கொண்டு ஊடைக்குப் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"இன்னா சார், யார பாத்து விசிலு?"

"விசில் இல்லீங்க. கரண்டி."

"கரண்டியா? ஊட்டம்மா ஊர்ல இல்லன்னா இப்டித்தான் ஆவும் போல." ராட்டை நிற்காமல் சுற்றியது. "சரி, அந்த ஊர்ல சோத்துக்கு இன்னா பேரு?"

"ரைஸ்."

"இங்கிலீஷ்ல இல்ல சார், செருமன்ல."

"ஜெர்மன்லயும் ரைஸ்தாங்க."

"கட்டிலுக்கு?"

"பெட்."

அவர் ராட்டையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கா சார் முழிச்சிகினு படிக்கறீங்க? இது எங்க ஊட்டு வாண்டுக்கே தெரியுமே!" உள்ளே தறியில் இருந்த அவருடைய கணவர் சிரித்த சத்தம் கேட்டது. கையுறைக்குக் கைச்செருப்பு என்று பொருள்படும்படி பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னது பெரிய தவறு. அதன்பிறகு பல மாதம் அந்தத் தெருவில், "சார், கைச்செருப்பு வந்துதா?" என்பதற்குக் கடிதம் வந்ததா என்று அர்த்தம்.

கடிதம் வாரத்துக்கு ஒன்று வந்தது. நான் ஒரு வாரத்துச் சொற்களை எழுதி அனுப்புவேன்; அவள் ஒவ்வொன்றையும் தன் அறையில் தேடிக் கண்டுபிடித்து எழுதுவாள். 'ஃபென்ஸ்டர் என்று எழுதியிருந்தீர்கள். என் ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈ செத்துக் கிடக்கிறது. எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை.' 'டெக்கெ, அதாவது போர்வை, இங்கே ஆட்டுக்கடா மாதிரி கனம். அடியில் படுத்தால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. யாருமில்லை.'

இப்படித்தான் நடந்தது. அகராதியில் நான் தேடிய ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அவள் தொட்ட ஒரு பொருள் இருந்தது. ஆரணியில் ஓட்டை மின்விசிறியின் கீழே உட்கார்ந்துகொண்டு, கடல்களுக்கு அப்பால் இருந்த ஓர் அறையை நான் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும், கொக்கி எங்கே, விளக்கின் விசை எந்த உயரம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுச் சுவரில் ஆணி எங்கிருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

ஒரு கடிதத்தில், 'அவசரத்தில் ஷ்லுஸலை அறையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன், பனியில் நின்றேன்' என்று எழுதியிருந்தாள். ஷ்லுஸல் என்றால் சாவி. எனக்காக எழுதிய பாடமில்லை அது. தமிழ் வாக்கியத்தின் நடுவே தானாக விழுந்திருந்தது. சாவி என்ற சொல் அவளுக்கு அந்தக் கணத்தில் வரவில்லை. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அவள் அந்த ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

வாசலில் நிறுத்தியது யார் என்பதற்கும் கோப்பு உண்டு. ஒரு மாதம் என்ற விதிக்காலம் முடிந்து நெடுநாள் கழித்து, வேலூரில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. படிவத்தில் 'ஊழியருடன் செல்லும் மனைவியின் விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மனைவியிடம் செல்லும் ஊழியருக்குக் கட்டம் இல்லை. 'இதற்கு முன்னுதாரணம் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன். 'முன்னுதாரணம் இல்லாத நிலையில் எந்த அடிப்படையில் பரிசீலிப்பது?' என்று அடுத்த கேள்வி. முதலில் ஒருவருக்குக் கொடுத்தால்தானே முன்னுதாரணம் வரும் என்பதைப் பணிவான மொழியில், உரிய வழியாக எழுதினேன். அது விடை அல்ல, விவாதம் என்று குறிப்பு வந்தது.

எங்கள் தலைமை எழுத்தர் வேட்டியும் கோட்டும் போடுகிற, ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். என்மேல் பிரியம் உள்ளவர். அதைத் திட்டித்தான் காட்டுவார்.

"யோவ், புருசன் போவான், பொண்டாட்டி கூடப் போவா. அப்டித்தான் நெனச்சி கெவுருமென்டு பாரம் அடிச்சி வெச்சிகீது. நீ இன்னாடான்னா தலகீழா நிக்கற. பேஜாரு பண்றியே!"

"விதியில புருசன்னு இல்ல சார், ஊழியர்னுதான் கீது."

"விதிய நீ எனக்குச் சொல்லு! சரி, அந்த ரிஜிஸ்தர வெச்சிகினு இன்னா மொணமொணன்ற?"

"அலமாரி சார். ஷ்ராங்க்."

"அங்க போயி பொண்டாட்டிகிட்ட மேஜ, நாற்காலி, அலமாரின்னுதான் பேசப் போறியா? வா, போ, சாப்டு, தூங்கு, இதெல்லாம் படிச்சியா?"

படிக்கவில்லை. ரிஜிஸ்தரில் வினைச்சொல் கிடையாது. அரசுச் சாமான் எதுவும் செய்வதில்லை. இருக்கும், அல்லது கழிக்கப்படும். என் ஜெர்மனில் ஒருவரும் நடக்கவில்லை, சாப்பிடவில்லை, எதையும் கேட்கவில்லை. ஓர் உலகம் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள், ஒருவரும் குடிவராமல்.

அவள் போன மூன்றாம் வருஷத்தில், அந்தத் தலைமை நர்ஸ் அம்மாளிடமிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஜெர்மனில், தட்டச்சில். தலைமை எழுத்தர் சொன்னது சரிதான், ஒரு வரிகூடப் புரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்கினேன். முதல் பத்தி அப்படித்தான் இருந்தது. இரண்டாவது பத்தியில் ஓர் அறை வந்தது. இரண்டு கட்டில். இரண்டு தலையணை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஓர் அலமாரி. ஓர் அடுப்பு. ஜன்னல் ஒன்று, அதற்குத் திரை. வாளி. இரண்டு கரண்டி, இரண்டு தட்டு. திருமணமானவர்களுக்கென்று ஆஸ்பத்திரி வைத்திருந்த குடியிருப்பில் எங்களுக்கு ஒதுக்கிய அறையின் சாமான் விவரம் அது. அகராதியை நான் தொடவே இல்லை. வினைச்சொற்களைத் தாண்டித் தாண்டி, பெயர்ச்சொற்களின்மேல் கால் வைத்து, ஆற்றில் கற்களை மிதித்துப் போவதுபோல அந்த அறைக்குள் போய்விட்டேன்.

அன்று மாலை அலுவலகம் முடிந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டு என்று ஜெர்மனில் எழுதியிருந்த இடங்களையெல்லாம் மறுபடி மறுபடி பார்த்தேன்.

கடிதத்தின் மீதியை அடுத்த மாதம் ஊருக்கு வந்த அவள்தான் படித்துச் சொன்னாள். ஒப்பந்தம் முடிந்து, அதைப் புதுப்பிப்பதற்கு முன் இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள். நடை வேகமாகியிருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வீட்டு அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா அந்தக் கைச்செருப்பு?" என்றார். அவள் பெட்டியைத் திறந்து கம்பளிக் கையுறையைக் கொடுத்தாள். அந்த அம்மா அதை மாட்டிக்கொண்டு ராட்டை சுற்ற முயன்றார். தறியை விட்டு அவர் கணவரும் எழுந்துவந்து சிரித்தார்.

கடிதம் சொன்னது இதுதான்: அவள் திரும்பும்போது கணவரும் கூட வந்தால் அந்த அறை எங்களுக்கு. வரவில்லை என்றால் வரிசையில் அடுத்து இருக்கும் தம்பதிக்கு. அவளுக்குப் பழையபடி நர்ஸ்கள் விடுதியில் ஒற்றை அறை. கிடங்கு வேலையையும் அதற்குமேல் நிறுத்திவைக்க முடியாது.

உரிய வழியாக நினைவூட்டல் அனுப்பிக் காத்திருந்ததில் அவள் விடுப்பில் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஆகவே இருவரும் பஸ் ஏறி வேலூர் போனோம். கோப்பு இருந்த மேஜையைக் கண்டுபிடித்தோம். அதன் பின்னால் என் வயதுடைய, வெற்றிலை போட்ட எழுத்தர். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார்.

"அம்மா கூட நீங்க போறீங்களா சார், உங்க கூட அம்மா போறாங்களா?"

"நான் அவங்க கூட."

"அதான் சார் சிக்கல். நீங்க போறதாவும், அம்மா உங்க கூட வர்றதாவும் மாத்தி எழுதிக் குடுங்க. கட்டம் கீது. ஜல்தியா முடிச்சிடலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நான் போயி மூணு வருசமாச்சுங்களே. அங்கதான வேலையே எனக்கு. நான் எப்டிங்க அவரு கூடப் போவேன்?"

"தாள்ல தாம்மா. நெசத்துல நீங்க முன்னாடி போங்க, பின்னாடி போங்க, யாரு கேக்கறாங்க?" அவருக்கு அவளோடு பேசுவதில் உற்சாகம் வந்துவிட்டது. "எங்க, செருமன்ல ஒரு வார்த்த பேசுங்க கேப்போம்."

அவள் வார்டில் நோயாளிகளிடம் சொல்வதைச் சொன்னாள்: "டீஃப் ஆட்மன்."

"அப்டின்னா?"

"மூச்ச நல்லா ஆழமா இழுங்கன்னு அர்த்தம்."

அவர் இழுத்தார். அந்த அறையில் பக்கத்து மேஜைக்காரரும் இழுத்தார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: மாற்றி எழுதிக் கொடுத்தால் அது புது விண்ணப்பம். புதுக் கோப்பு. முதலில் என் அலுவலகத்தில் கொடுத்து, உரிய வழியாக மறுபடி வர வேண்டும். ஒரு மாதம் ஆகும். விதிப்படி.

அவளுடைய விடுப்பில் ஒரு மாதம் மிச்சமில்லை.

திரும்பும் பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மாற்றி எழுத வேண்டிய வாக்கியங்களை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னாள்:

"நான் திரும்பப் போவலீங்க."

"நீ போ. நான் பின்னால வந்துடறேன். இந்தத் தடவ நிச்சயம் கெடச்சிரும்."

"அது கெடக்கட்டும். அந்த ரூம்பு வேற யாருக்கோ போயிடும். நான் ஒத்தக் கட்டில்ல படுத்துகினு, ரெண்டு கட்டில் போட்ட அந்த ரூம்ப நெனச்சிகினு இருக்கணும். மூணு வருசம் இருந்தாச்சு. சாமானெல்லாம் தொட்டுப் பாத்தாச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காலியா கெடக்கற கட்டில ஆஸ்பத்திரில எத்தினியோ பாத்துட்டேன். எனக்கே எனக்குன்னு ஒண்ணு வாணாங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது சந்தோஷத்தாலா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவள் இனி போகமாட்டாள் என்பது எவ்வளவு நிச்சயமோ, நான் அந்த அறைக்குப் போகமாட்டேன் என்பதும் அவ்வளவு நிச்சயம். போகாத இடத்தை விட்டுப் பிரிவதற்கு எந்தப் பெயரும் எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை.

அவள் தந்தி கொடுத்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தாள். தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழே. எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. வீட்டில் ஒரு பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சில பொருள்களை எங்களுக்குத் தமிழில் கேட்க வராது. "லெஃபல் எங்க?" என்பாள் சமையலறையிலிருந்து. "ஷ்ராங்க்குல" என்பேன். குழந்தை வெகுநாள்வரை அதையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் சில இரவுகள் போர்வையைப் போர்த்தும்போது, 'இது டெக்கெ இல்ல' என்று இருவரில் ஒருவர் சொல்வோம். மற்றவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் செருகிவிடுவார். நான் பார்த்தறியாத அந்த ஜன்னல் வழியே வெளியே என்ன தெரியும் என்று கேட்க வேண்டுமென்று பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது?

எண்பதுகளில் ஒரு நாள் மாலை, தபால் கட்டைப் பிரித்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோது என் பெயருக்கே ஓர் உறை இருந்தது. வேலூரிலிருந்து. பழைய விண்ணப்பத்தின் மீது, மாற்றி எழுதப்படாத அந்த முதல் விண்ணப்பத்தின் மீது, ஆணை பிறப்பித்திருந்தார்கள். மனைவியுடன் சென்று தங்குவதற்கு ஆட்சேபணை இல்லை. சான்று வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். கீழே இன்னொரு வரி: 'இனி வரும் இதுபோன்ற விண்ணப்பங்களுக்கு இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாம்.'

ஆக, நான் முன்னுதாரணம் ஆனேன். என் பணிக்காலத்தில் நான் அடைந்த ஆகப்பெரிய பதவி அதுதான்.

வழக்கப்படி பெறப்பட்டது என்று முத்திரையிட்டேன். பெறுபவனும் நானே, பதிவு செய்பவனும் நானே. வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் ஆஸ்பத்திரிச் சேலையை மாற்றாமல் நின்றபடியே படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது செல்லுமாங்க இப்போ?"

"ஆறு மாசம் செல்லும்."

தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வெளியே அடுத்த வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ரூம்புல இப்ப யாரு கீறாங்களோ" என்றாள்.

எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளையும் யோசித்தேன். இதற்கு ஒன்றும் இல்லை.

"இன்னாத்துக்குங்க இத்தினி வருசம் கழிச்சி, இன்னிக்கின்னு பாத்து அனுப்பினாங்க?"

நிதியாண்டு முடிவதற்குள் நிலுவைக் கோப்புகள் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு, அந்த விதியை மட்டும் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று சொன்னேன்.

"அப்போ இன்னிக்கி இன்னா தேதி?"

"மார்ச் முப்பத்தொண்ணு."